செடி சுணங்கினால் வேரைத் தோண்டிப் பாருங்கள்: அறிகுறி வாரியாக வேர்மண்டலக் கோளாறுகள்

"செடிக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டு எனக்கு வரும் படங்களில் பத்துக்கு ஒன்பது இலைப் படங்கள். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: வேரைப் பார்த்தீர்களா? பார்த்தவர்கள் அபூர்வம். அதற்குள் இரண்டு உயிர் உரப் பொட்டலம், ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு நுண்ணூட்டக் கலவை எல்லாம் மண்ணுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

கோட்பாடு பேசப் போவதில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். வளர்கிற வேரின் நுனியையொட்டிச் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கரிம அமிலங்களும் மண்ணுக்குள் கசிகின்றன. அதைத் தின்னத்தான் நுண்ணுயிர்கள் வேரைச் சுற்றிக் கூடுகின்றன. யார் யார் கூடுவது என்பதையும் பெருமளவு அந்தக் கசிவே தீர்மானிக்கிறது. வேரிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிப் போனால் பட்டினி மண். வேர் வளர்வது நின்றுவிட்டால் கூட்டம் கலையும். மிஞ்சுவது செத்த வேரைத் தின்ன வருபவைதான். அதனால் நுண்ணுயிரை வாங்கிப் போடுவதற்கு முன்னால், வேர் ஏன் வளரவில்லை என்று பார்ப்பதே என் வழக்கம்.

## எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

செடியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் நாம் பார்க்க வேண்டிய நுனிகளெல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முந்தின நாள் நீர் விட்டு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்குங்கள். நோயாளிச் செடி ஒன்று, பக்கத்திலேயே நன்றாக இருக்கும் செடி ஒன்று. இரண்டாவது இல்லாமல் முதலாவதைப் பார்த்துப் பயனில்லை.

கழுவுவதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று, முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே காற்றில்லை. இரண்டு, மெல்ல உதறுங்கள். இளம் வேரில் மண் உறை மாட்டியதுபோல ஒட்டி நின்றால் வேர்த்தூவிகளும் வேர்ப்பசையும் வேலை செய்கின்றன என்று பொருள். சோளம், மக்காச்சோளம், கோதுமை போன்ற புல்லினங்களில் இது தெளிவாகத் தெரியும். நுனியில் கடைசிச் சிறு பகுதி மட்டும் வெறுமையாக இருப்பது இயல்பே. அது இன்றைக்கு வளர்ந்த துண்டு, தூவி இன்னும் வரவில்லை.

பிறகு வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். குழாய் நீரைப் பீய்ச்ச வேண்டாம். வெள்ளை நுனிகள் எத்தனை? இரண்டு செடிகளையும் ஒப்பிட்டு எண்ணுங்கள். நோயாளிச் செடியில் ஒரு வெள்ளை நுனிகூட இல்லையென்றால், கீழே எந்த அறிகுறி பொருந்தினாலும் முதலில் நீர் தேக்கம், மண் இறுக்கம், உப்பு இவை மூன்றையும் பாருங்கள். முக்கால்வாசிச் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும்.

## அறிகுறி: பயறு வகைச் செடி வெளிறி நிற்கிறது

அடியிலைகள் முதலில் மஞ்சளாகும், வளர்ச்சி மந்தமாகும். விதைத்து நான்கு வாரம் ஆகவில்லையென்றால் பொறுங்கள். விதையில் இருந்த சத்து தீர்ந்து, வேர்முடிச்சு வேலையைத் தொடங்கும் வரை ஓர் இடைவெளி உண்டு. அப்போது சற்று வெளிறுவது சகஜம். அதற்குப் பிறகும் வெளிறியிருந்தால் தோண்டுங்கள்.

### முடிச்சே இல்லை, ஆனால் செடி கரும்பச்சை

செடி வெளிறவில்லை, முடிச்சு மட்டும் இல்லை என்றால், மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிதமிஞ்சி இருக்கிறது. கையில் இருக்கும்போது செடி ஏன் கூட்டாளியைத் தேடும்? பயறு வேர் ஃபிளாவனாய்டு என்ற சேர்மங்களைக் கசியவிட்டுத்தான், முடிச்சுக்குள் இருந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவை அழைக்கிறது. நைட்ரேட் நிறைந்த மண்ணில் முடிச்சு உருவாவதையே செடி அடக்கிவிடும். யூரியாவையும் கோழி எருவையும் நிறுத்துங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

### முடிச்சே இல்லை, செடியும் மஞ்சள்

இதுதான் அடிக்கடி வருவது. எளிதிலிருந்து தொடங்குவோம்.

விதை நேர்த்தியில் பூஞ்சைக்கொல்லியும் ரைசோபியமும் ஒரே நேரத்தில் கலந்தீர்களா? கலந்திருந்தால் பாக்டீரியா அங்கேயே செத்திருக்கக்கூடும். நேர்த்தி செய்த விதையை வெயிலில் காயவைத்தாலும் இதே கதைதான்.

இல்லையென்றால், இந்த நிலத்தில் இந்தப் பயிர் இதுதான் முதல் முறையா? தட்டைப்பயறு, பாசிப்பயறு, நிலக்கடலை ஆகியவை மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பலவகைப் பாக்டீரியாக்களோடு ஒத்துப்போய்விடும். சோயாவும் கொண்டைக்கடலையும் அப்படியல்ல. தத்தமக்குரிய இனம் இல்லாமல் சரியாக முடிச்சுப் போடாது. சோயாவுக்கான பொட்டலத்தைக் கொண்டைக்கடலைக்குப் போட்டுவிட்டு மண்ணைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். பொட்டலத்தின் பின்பக்கத்தில் பயிர்ப் பெயர் அச்சாகியிருக்கும், படியுங்கள்.

அதுவும் சரியென்றால் கார அமில நிலை (pH). 5.5-க்குக் கீழே இறங்கிய மண்ணில் பெரும்பாலான ரைசோபிய இனங்களும் தடுமாறும், அவற்றை அழைக்கும் வேர்த்தூவியும் தடுமாறும். சுண்ணாம்பு இடுவதுதான் வழி. ஆனால் எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும். கண்ணளவில் கொட்டாமல் பரிசோதனை முடிவை வைத்து இடுங்கள்.

இந்தப் பருவத்துக்கு என்ன செய்வது? உண்மையைச் சொன்னால், முளைத்து வளர்ந்த செடியின் அடியில் ரைசோபியக் கரைசல் ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வேரில் தொற்று ஏறக்கூடிய இடம் இளந்தூவி உள்ள குறுகிய பகுதி மட்டுமே. பழைய வேர் அந்த வாய்ப்பைத் தாண்டிவிட்டது. தழைச்சத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து விளைச்சலைக் காப்பாற்றுங்கள். அடுத்த முறை விதையிலேயே சரிசெய்யுங்கள்.

### முடிச்சு இருக்கிறது, செடி மஞ்சள்

நகத்தால் முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள்.

உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. மஞ்சளுக்கு வேறு காரணம் தேடுங்கள்.

உள்ளே வெள்ளை என்றால், ஒன்று முடிச்சு இன்னும் இளசு, பத்து நாள் கழித்துப் பாருங்கள். அப்போதும் வெள்ளை, அதுவும் பொடிப் பொடியாகப் பக்கவேர்களில் சிதறிக் கிடக்கிறது என்றால், குடியேறியது உதவாத இனம். அது இடத்தைப் பிடித்துக்கொண்டது, வாடகை தரவில்லை. அமில மண்ணாக இருந்தால் மாலிப்டினம் பற்றாக்குறையும் இதே தோற்றம் தரும். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது, பரிசோதனைக் கூடம்தான் போக வேண்டும்.

உள்ளே பச்சை அல்லது பழுப்பு என்றால் முடிச்சு மூப்படைந்துவிட்டது. காய் முற்றும் பருவத்தில் இயல்பு. பூக்கும் முன்பே என்றால் வறட்சி, நீர் தேக்கம், கடும் நிழல் ஆகியவற்றில் ஒன்று.

## அறிகுறி: வேரில் வீக்கம், ஆனால் பயறு வகை அல்ல

தமிழில் ஒரு தொல்லை: நல்லதுக்கும் 'வேர்முடிச்சு', கெட்டதுக்கும் 'வேர்முடிச்சு நூற்புழு'. தக்காளி வேரில் முடிச்சைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டவரைக்கூடச் சந்தித்திருக்கிறேன்.

பெருவிரலால் உருட்டுங்கள். பயறின் நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தனியாகக் கழன்று வரும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது. கழற்றினால் வேர் அறும். பயறுச் செடியிலேயே இரண்டும் சேர்ந்து இருக்கலாம், அதனால் இந்தச் சோதனை அங்கேயும் தேவை.

முட்டைக்கோஸ், கடுகு, முள்ளங்கி குடும்பத்தில் வேர் மொத்தமாகக் கதாயுதம்போலத் தடித்தால் அது நூற்புழு அல்ல, கிளப்ரூட் என்ற நோய். அமில மண்ணில்தான் தீவிரமாகும். மண்ணின் கார அமில நிலையை 7-க்குச் சற்று மேலே உயர்த்தினால் அடங்கும், ஒழியாது. அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும்.

நூற்புழுவா என்று ஐயமிருந்தால், சந்தேக மண்ணைத் தொட்டியில் நிரப்பித் தக்காளி அல்லது வெள்ளரி நாற்று நட்டு, ஐந்தாறு வாரம் கழித்து வேரைக் கழுவிப் பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம். வீக்கம் வந்தால், எதிர்ப்புத் திறனுள்ள ரகம், பயிர் சுழற்சி, கடும் வெயிலில் ஈர மண்ணின் மேல் தெளிவான பாலித்தீன் விரித்து 4 முதல் 6 வாரம் மூடிவைப்பது என்ற வரிசையில் போங்கள். நூற்புழுக்கொல்லி கடைசி, அதை நீங்களாக முடிவு செய்யாமல் வேளாண் அலுவலரிடம் எண்ணிக்கை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

## அறிகுறி: நாற்று தரைமட்டத்தில் சாய்கிறது

தண்டு தரையைத் தொடும் இடத்தில் நூல்போல மெலிந்திருந்தால் நாற்றழுகல். காரணம் தேடி அலைய வேண்டாம்: ஈரம் அதிகம், நெருக்கம் அதிகம், காற்று குறைவு. முளைக்கும் விதையிலிருந்து கசியும் சர்க்கரையை மோப்பம் பிடிக்கும் வேகத்தில் பித்தியம் என்ற நோய்க்கிருமியை மிஞ்ச ஆளில்லை. விதை ஊறிய சில மணி நேரத்திலேயே தொற்றிவிடும். நல்ல நுண்ணுயிர்கள் அதற்கு முன்பே விதைமேல் இருந்தால்தான் பயன். டிரைக்கோடெர்மாவையும் சூடோமோனாஸையும் விதையிலோ நாற்றங்கால் கலவையிலோ முன்கூட்டிச் சேர்க்கச் சொல்வது இதனால்தான். சாய்ந்த பிறகு ஊற்றுவது திருடன் போன பிறகு பூட்டு வாங்குவது.

சாய்ந்ததை அகற்றுங்கள், நீரை நிறுத்துங்கள், கலவையை மாற்றி மறுபடி விதையுங்கள்.

## அறிகுறி: மண்ணில் ஈரமிருந்தும் செடி வாடுகிறது

மாலையில் நிமிர்கிறதா? நிமிர்ந்தால் வேர் போதவில்லை என்றுதான் பொருள். மண் இறுக்கமா, வேர்ப்பரப்பு ஆழமில்லையா என்று பாருங்கள். நிமிரவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

வேர் பழுப்பு, தோலை இழுத்தால் உறைபோலக் கழன்று நடுநரம்பு மட்டும் மிஞ்சுகிறது. வேரழுகல். பெரும்பாலும் நீர் தேக்கத்தின் பின்விளைவு. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மண் துளைகள் நீரால் நிறைந்தால் வேரும் நுண்ணுயிர்களும் இருப்பதை விரைவிலேயே தீர்த்துவிடும். ஓர் அடி ஆழக் குழி வெட்டி, ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் வடிகால்தான் மருந்து. பூஞ்சைக்கொல்லி ஊற்றிச் சமாளிப்பவர்கள் ஒவ்வொரு மழைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வேர் வெள்ளையாக இருக்கிறது, தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பு வளையம். வாடல் நோய். பூஞ்சையா பாக்டீரியாவா என்று பிரிக்க ஒரு கண்ணாடிக் குவளை போதும். தரையையொட்டிய தண்டில் ஒரு துண்டு வெட்டி, அடிமுனை மட்டும் தெளிந்த நீரில் மூழ்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழை கீழே இறங்கினால் பாக்டீரிய வாடல். இறங்காவிட்டால் ஃபியூசேரியம் போன்ற பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பால் இழை இறங்கிய அந்த நிமிடமே நிபுணரைக் கூப்பிட வேண்டிய கட்டம். குணப்படுத்தும் மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்து அழியுங்கள், அந்த இடத்து நீர் மற்ற இடத்துக்கு ஓடாமல் தடுங்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதையும் அங்கே மீண்டும் நட அவசரப்படாதீர்கள்.

## அறிகுறி: மட்கு போட்ட பிறகு செடி மஞ்சளானது

மட்காத மரத்தூள் அல்லது வைக்கோலை மண்ணுக்குள் கலந்தீர்களா? நுண்ணுயிரின் உடலில் கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 8-க்கு 1. வைக்கோலில் 80-க்கு 1 அளவில் இருக்கும், மரத்தூளில் பல நூறுக்கு 1. நைட்ரஜன் பற்றாக்குறையை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், வேருக்கு மிஞ்சாது. நாலைந்து செடிக்கு மட்டும் தழைச்சத்து கொடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அவை பச்சையானால் கண்டுபிடித்துவிட்டீர்கள். மற்றவற்றுக்கும் கொடுங்கள், அல்லது மட்கும் வரை காத்திருங்கள். மூடாக்காக மேலே போட்டிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

மஞ்சள் அடியிலையில் இல்லாமல் இளந்தளிரில், நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இது வேறு கதை: இரும்பு. சுண்ணாம்பு மண்ணில் வேரடியின் கார நிலை இரும்பைப் பூட்டிவிடும். நைட்ரேட் உரம் வேரடியை இன்னும் காரமாக்கும், அம்மோனிய உரம் அமிலமாக்கும். எனவே முதலில் உர வகையை மாற்றிப் பாருங்கள். ஒரு கிளைக்கு மட்டும் இரும்புக் கரைசல் தெளித்து, சில நாளில் தெளித்த இடம் பச்சையாகிறதா என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

## அறிகுறி: உயிர் உரம் போட்டும் எதுவும் நடக்கவில்லை

இந்தப் புகாரின் வயது நூறு ஆண்டுக்கும் மேல். முடிச்சுப் பாக்டீரியாவை 'நைட்ரஜின்' என்ற பெயரில் விற்க நோபே, ஹில்ட்னர் என்ற இரு ஜெர்மானியர்கள் 1896-இலேயே காப்புரிமை பெற்றார்கள். அதே லோரென்ஸ் ஹில்ட்னர்தான் 1904-இல், வேரைச் சூழ்ந்த மண்ணுக்கு 'ரைசோஸ்பியர்' என்று பெயரிட்டார். பொட்டலத்தை விற்றவரே பிறகு வேரடி மண்ணைக் கவனிக்கச் சொன்னார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

முதலில் ஒரு கேள்வி: எதுவும் நடக்கவில்லை என்று எப்படித் தெரியும்? போடாத மூன்று வரிசையை ஒதுக்கி வைத்திருந்தால்தான் தெரியும். ஒதுக்கவில்லையென்றால் நடந்தது எது, நடக்காதது எது என்று சொல்ல வழியே இல்லை.

ஒதுக்கியிருக்கிறீர்கள், வித்தியாசமும் இல்லை என்றால்:

1. பொட்டலத்திலேயே செத்துவிட்டது. காலாவதித் தேதி, வெயிலில் கிடந்த நாள், சூடான வண்டியில் வந்த தூரம். இவற்றைப் பார்க்கச் செலவில்லை.
2. போடும்போது செத்தது. குளோரின் நெடி அடிக்கும் குழாய் நீரில் கரைத்தது, ரசாயன உரத்தோடு கலந்து வைத்தது, நண்பகலில் காய்ந்த மண்மேல் தெளித்தது.
3. போய் ஒட்ட வேர் இல்லை. வெறும் மண்ணில் தூவினால் ஏற்கெனவே அங்கிருக்கும் பட்டாளம் புதிதாக வந்ததைத் தின்றோ பட்டினி போட்டோ தீர்த்துவிடும். புது வேர் மண்ணைத் துளைத்துப் போகும்போது யார் முதலில் ஏறுகிறார்கள் என்பதே ஆட்டம். எனவே விதையிலோ நாற்றின் வேரிலோ போடுங்கள்.
4. செடிக்கு வேண்டாம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த மண்ணில், வேருக்குள் குடியேறி அந்தச் சத்தைத் திரட்டித் தரும் பூஞ்சையான வேர் உட்பூசணத்தை எதிர்பார்க்காதீர்கள். மணிச்சத்துக்கு ஏங்கும் செடிதான் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற சமிக்ஞையை வேரிலிருந்து அதிகமாகக் கசியவிடும். அது பட்டதும் பூசண இழை கிளைத்து வேரை நோக்கி வரும் என்பது 2005-இல் வெளியான ஆய்வில் தெளிவானது. வயிறு நிறைந்த செடி அழைப்பதில்லை.
5. செடியால் முடியாது. முட்டைக்கோஸ், கடுகு, முள்ளங்கி, பசலை போன்ற ஸ்பினாச், பீட்ரூட் ஆகிய இவை வேர் உட்பூசணத்தோடு கூட்டுச் சேர்வதில்லை. முட்டைக்கோஸ் நாற்றங்காலுக்கு ஒரு பருவம் முழுக்க அதைப் போட்டு, குறிப்பேட்டில் 'சற்று முன்னேற்றம்' என்று எழுதிவைத்தவன் நான்தான். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

நான்காவதில் ஒரு கிளைக்கதை உண்டு. அதே ஸ்ட்ரைகோலாக்டோனைச் சோள வேரில் ஒட்டுண்ணியாக வளரும் சுடுமல்லியின் விதையும் ஒட்டுக்கேட்கிறது. அது கேட்டால்தான் முளைக்கும். மெலிந்த நிலத்தில் சுடுமல்லி தலைவிரித்தாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே களை பிடுங்குவதோடு மண்ணின் சத்தையும் உயர்த்த வேண்டும்.

இந்த ஐந்தும் இல்லையென்றால், ஒருவேளை உங்கள் மண்ணுக்கு அந்தப் பொட்டலம் தேவைப்படவே இல்லை.

## அறிகுறி: அதே இடத்தில் அதே பயிர் ஒவ்வொரு முறையும் குன்றுகிறது

சத்தா, உப்பா, இறுக்கமா, உயிருள்ள எதிரியா? மூன்று தொட்டிகள் சொல்லிவிடும். முதல் தொட்டியில் அந்த மண் அப்படியே. இரண்டாவதில் அதே மண், ஈரத்தோடு மூடி 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி ஆறவைத்தது. மூன்றாவதில் சூடாக்கியதோடு ஒரு பிடி சூடாக்காத மண். மூன்றிலும் அதே பயிரை ஐந்து வாரம் வளர்த்து வேரைக் கழுவி ஒப்பிடுங்கள்.

இரண்டாவது மட்டும் செழித்தால் எதிரி உயிருள்ளது. மூன்றும் ஒன்றுபோலக் குன்றினால் அது நுண்ணுயிர் விவகாரமே அல்ல, உப்பையும் சத்தையும் சோதியுங்கள். மூன்றும் நன்றாக வளர்ந்தால், நிலத்தில் இறுகிக் கிடந்த மண் தோண்டியதும் தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கவனம்: சூடாக்கினால் கொஞ்சம் தழைச்சத்து விடுபடும், இலை சற்றுக் கூடுதல் பச்சையாகத் தெரியும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள், வேரைப் பாருங்கள். அடுப்பில் கொதிக்கவிடவும் வேண்டாம். அதிகச் சூட்டில் மாங்கனீசு நச்சளவுக்கு வெளியேறும்.

பயிர் சுழற்சி முதல் மருந்து. ஆனால் ஒரே பயிர் என்றாலே நாசம் என்றும் இல்லை. கோதுமையைத் தொடர்ந்து விதைக்கும் நிலங்களில் 'டேக்-ஆல்' என்ற வேரழுகல் சில ஆண்டுகள் ஏறி, பிறகு தானே தணிவதுண்டு. நோய்ப் பூஞ்சையை அடக்கும் சூடோமோனாஸ் இனங்களை அந்த வேர்களே வருடா வருடம் பெருக்கிவிடுவதுதான் காரணம். அதற்காக நஷ்டத்தைத் தாங்கிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பழத்தோட்டத்தில் மரத்தைப் பிடுங்கி அதே குழியில் அதே மரம் வைக்கும் திட்டமிருந்தால், நடுவதற்கு முன்பே நிபுணரிடம் பேசுங்கள். அங்கே தவறு ஒரு பருவத்தோடு முடியாது.

## அறிகுறி: மண்மேல் வெள்ளைப் பூஞ்சை

செடி நன்றாக இருக்கிறதா? இருந்தால் மட்கைத் தின்னும் பூஞ்சைதான். விட்டுவிடுங்கள். தொட்டியில் மஞ்சள் குடைக்காளான் முளைத்தாலும் செடிக்கு ஆபத்தில்லை; குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போகும்போது

செடிகள் வாடிய திட்டின் நடுவில் செத்துக் கிடக்கும் செடியை எடுக்காதீர்கள். அதன் வேரில் இப்போது இருப்பது பிணம் தின்ன வந்தவை. கொன்றது எது என்று அதிலிருந்து தெரியாது. நூற்புழுவும் உயிருள்ள வேரைத் தேடி ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். திட்டின் விளிம்பில், இப்போதுதான் வாடத் தொடங்கிய செடியை மண்ணோடு எடுங்கள். நல்ல செடி ஒன்றைத் தனிப் பையில். வேரைக் கழுவ வேண்டாம், காயவிட வேண்டாம், பையில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். நிழலில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். போன மூன்று பருவத்தில் என்ன பயிர், என்னென்ன ஊற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை ஈரமாகாமல் பைக்கு வெளியே கட்டுங்கள்.